துரத்தத் தெரிந்த நாய்

சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் வேட்டை நாய்களுக்கு வேலை போய் முப்பது வருடத்துக்கு மேலாகிறது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோதுகூட, லைசென்ஸ் வாங்கிச் சில பிராணிகளை வேட்டையாட வழி இருந்தது. 1991 திருத்தம் அதையும் அடைத்தது. இன்று முயல் பிடித்தால் கேஸ். சரியான சட்டம்தான், எனக்கு அதில் வருத்தமில்லை. ஆனால் நாயின் கால்களுக்கு கெஜட் படிக்கத் தெரியாது.

ஊட்டியில் வென்லாக் டவுன்ஸ் புல்வெளிக்குப் போனபோதுதான் இது மனதில் ஓட ஆரம்பித்தது. 1890-களில் சென்னை மாகாண கவர்னராக இருந்த வென்லாக் பிரபுவின் பெயர் அதற்கு. தோடர்களின் எருமைகள் மேய்ந்த அந்த மேடுகளில், வெள்ளைக்காரர்கள் குதிரையேறி நாய்க்கூட்டத்தோடு வேட்டைக்குப் போனார்கள். நாய்கள் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தவை. அங்கே அவை துரத்திய செந்நரி நீலகிரியில் கிடையாது, ஆகவே நம்ம ஊர்க் குள்ளநரி மாட்டிக்கொண்டது. வேட்டைக்குத் தலைமை தாங்கியவர்களின் பெயர்கள் ஊட்டி கிளப்பின் சுவரில் இருக்கின்றன. புல்வெளியில் பெரும்பகுதியைச் சீகை மரமும் யூகலிப்டஸும் தின்றுவிட்டன. மிச்சத்தில் நாம் செல்ஃபி எடுக்கிறோம்.

பொழுதுபோக்குக்காகத் துரத்தியவருக்குச் சுவரில் பெயர். ஏரிக்கரையில் வயிற்றுக்காக நாயோடு முயல் தேடிப்போன இருளருக்குக் கேஸ். இந்தக் கணக்கை யாரும் நேர் செய்யப் போவதில்லை என்றாலும் சொல்லி வைக்கிறேன்.

எங்கள் மணவூர்ப் பக்கம் ஏரி வற்றும் கோடையில், விடிகாலையில் பையன்கள் நாய் பழக்குகிறார்கள். தெற்கே போய்க் குட்டியாக வாங்கி வந்த சிப்பிப்பாறை. ஒருவன் பைக்கில் முன்னால் போக, நாய் பின்னால் பறக்கும். வயிறு முதுகோடு ஒட்டி, விலா எலும்பை எண்ணிவிடலாம்போல் இருக்கும். முழு வேகத்தில் நாலு காலும் ஒருசேர மண்ணை விட்டு எழும்புகின்றன. வெடித்த ஏரி மண்ணில் நகம் பட்ட இடமெல்லாம் பொடி பறக்கிறது. ஒருநாள் சீமைக்கருவேலப் புதரிலிருந்து ஒரு கவுதாரி விர்ரென்று எழும்ப, நாய் அப்படியே திரும்பியது.

“புடிச்சிடுமாடா?” என்றேன்.

“புடிச்சா வம்புண்ணா. சும்மா ஓட்டத்துக்குத்தான்.”

சொன்னவனின் கண் கவுதாரி போன திசையிலேயே இருந்தது.

வேலை போன பிறகு திறமையை என்ன செய்வது என்பது நாய்க்கு மட்டுமான கேள்வியில்லை. பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில்பெட்டி ஆலையிலும் ஆவடித் தொழிற்சாலைகளிலும் முப்பது வருடம் உழைத்து ரிட்டயர் ஆனவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர். இன்னும் முதல் வண்டிக்கு எழுந்துவிடுகிறார்கள். எழுந்து என்ன செய்ய? சிலர் தோட்டம் போடுகிறார்கள். சிலர் மருமகளின் சமையலைத் துரத்துகிறார்கள். ஓடப் பழகியதை வெறுமனே கட்டிப் போட்டால் அது ஆட்டையோ ஆளையோ தேடிக்கொள்ளும்.

எங்களுக்குப் பக்கத்து மலைச் சாமிக்கே இந்தச் சிக்கல் வந்திருக்கிறது. சூரனோடு போர் முடிந்து, கோபம் தணிய முருகன் வந்து நின்ற இடம் திருத்தணி என்கிறது தலபுராணம். வள்ளி திருமண நாடகத்தில் அவரே வேடனாக வந்து, “மான் வந்ததா?” என்று கேட்கிறார். அம்பு பட்ட மான் எதுவும் கிடையாது. வேட்டைக்காரனின் வேகம், நடை, வாய்ஜாலம் எல்லாம் அப்படியே இருக்கிறது, உயிர்தான் போவதில்லை. விடிய விடிய உட்கார்ந்து பார்த்த கூட்டத்தில் யாரும் ஏமாந்ததாகச் சொன்னதில்லை.

இங்கிலாந்தில் 2004-இல் சட்டம் போட்டு நாய்களை வைத்து நரி வேட்டையாடுவதைத் தடுத்தார்கள். வேட்டைச் சங்கங்கள் வாசனைத் துணியை இழுத்து, அந்தத் தடத்தில் நாய்களை விட்டன. கெட்டிக்காரத்தனமான வழிதான். ஆனால் துணி என்று சொல்லிக்கொண்டே நிஜ நரியைத் துரத்துகிறார்கள் என்ற புகார் பின்னாலேயே வந்தது. அங்கேயும் நாயைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

பையன்களிடம் பழைய சைக்கிள் ரிம்மில் கயிறு சுற்றி, முனையில் துணியைக் கட்டி இழுத்துப் பாருங்கள் என்றேன். “துணின்னு நாய் கண்டுபுடிச்சிடும்ணா” என்றான் அதே பையன். கண்டுபிடித்தாலும் அது ஓடும். இவனுக்குத் துணி போதுமா என்பதைத்தான் நான் கேட்டிருக்க வேண்டும். அதற்குள் அவன் பைக்கை உதைத்துவிட்டான்.