யாத்திரை மூட்டை

கேதார்நாத் செல்லும் அன்பர்களுள் சிலர், ‘இறைவனை நம்பிச் செல்பவனுக்குக் கம்பளி எதற்கு?’ என்று கேட்பதுண்டு. கேட்பதற்குத் துறவு போலத் தோன்றும். கௌரிகுண்டிலிருந்து நடக்கத் தொடங்கும்போது வெயில் காய்ந்தாலும், 3,583 மீட்டர் உயரத்திலுள்ள சன்னிதியை அடைவதற்குள் மழையோ பனியோ பெய்யலாம். நனைந்த பருத்தியாடை உடலின் வெப்பத்தைக் கவர்ந்துவிடும். கம்பளி நனைந்தாலும் ஓரளவு காக்கும். மழை அங்கி, கம்பளிச் சட்டை, பிளாஸ்டிக் உறையிலிட்ட மாற்றுடை, காலுறை ஆகியவற்றை விட்டுச் செல்பவன் உண்மையில் எதையும் துறக்கவில்லை. குளிரில் அவன் விறைத்துப்போனால் சுமப்பவர் வேறொருவர்.

இனி, ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று ஐந்தாவது ஸ்வெட்டரையும் எடுத்து வைக்கிறோமே, அதுவும் நம் தோளில் ஏறுவதில்லை. கோவேறு கழுதையின் முதுகிலோ கூலியாளின் முதுகிலோ ஏறுகிறது. அபரிக்கிரஹத்தைப் பொருள்களின் எண்ணிக்கையாகவே கருதிப் பழகிவிட்டோம். நம் அச்சத்தின் எடையை யார் சுமக்கிறார் என்ற கேள்வியும் அதில் அடங்கும் அல்லவா? முதியோர் சுமையாளை அமர்த்துவதில் குற்றமில்லை. அது அவருடைய பிழைப்பும்கூட. எனினும் இயன்றவர்கள், மூட்டையைக் கட்டியதும் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டு மாடிப்படியை நான்கு முறை ஏறிப் பார்க்கலாம். இரண்டாம் முறையிலேயே ஸ்வெட்டர்கள் சில வெளியே வந்துவிடும். மழை அங்கி வராது.