விழுந்தவனுக்கு மறு விதைப்பு உண்டா?



ஆகஸ்டு 15-ந் தேதி பரலோக மாதா திருநாளுக்குக் காமநாயக்கன்பட்டிக்குப் போகிறவர்கள் வழி நெடுக ஒரு காட்சியைப் பார்த்திருப்பார்கள். வீரமாமுனிவர் நடமாடிய அந்தக் கரிசல் பூமி, மழைக்கு முன் வாய் பிளந்து கிடக்கும். உழாத காட்டில் காணும் வெடிப்புக்குள் ஒரு கம்பை விட்டால் லேசில் அடி தட்டாது. ஆயினும் நம் சம்சாரி அதைச் செத்த பூமி என்று தள்ளிவிடுவதில்லை. ஏரைப் பூட்டியோ, டிராக்டரைக் கொண்டோ உழுது போட்டுவிட்டு வானத்தைப் பார்த்திருப்பார். புரட்டாசியில், மழை விழுமுன்பே, நம்பிக்கையோடு புழுதியில் விதைப்பார்.

சில வருஷங்களில் ஒரு தூறல் மட்டும் விழும். விதை முளைக்கும். பிறகு வானம் காய்ந்து, முளைத்ததெல்லாம் கருகிப்போகும். அப்போது அவர் என்ன செய்கிறார்? தலையில் கை வைத்து இரண்டு நாள் உட்காருவார். மூன்றாம் நாள் விதைக்குக் கடன் கேட்கப் புறப்படுவார். கருகியதை அழித்து, மறுபடி உழுது, மறுபடி விதைப்பார். மறு விதைப்புக்கு வெட்கப்பட்ட சம்சாரி நம் சீமையில் கிடையாது.

நிலத்துக்கு நாம் தாராளமாய்க் கொடுக்கிற இந்த மறு விதைப்பை, மனிதனுக்குக் கொடுக்க மட்டும் நமக்கு மனம் வருவதில்லையே, ஏன்? இதைத்தான் இந்த வாரம் கொஞ்சம் யோசித்துப் பார்ப்போம்.

இப்படி ஒருவரைக் கண்டிராத ஊர் இல்லை. குடித்துச் சீரழிந்தார். மனைவி தீப்பெட்டி ஆபீசில் உழைத்துச் சேர்த்த சீட்டுப் பணத்தையும் எடுத்துக்கொண்டு வெளியூருக்கு ஓடினார். பிள்ளைகள் வளர்ந்துவிட்டன. ஆண்டுகள் கழித்து, ஒரு திருநாளன்று கோயிலின் பின்பக்கம், கதவோரமாக நிற்கிறார். உள்ளே வரக் கால் கூசுகிறது. முன் வரிசையிலிருந்து ஒருவர் திரும்பிப் பார்த்து, பக்கத்திலிருப்பவர் காதில் ஏதோ சொல்கிறார். அந்த மனிதர் சமாதானம் கொடுக்கப்படுமுன்பே வெளியே போய்விடுகிறார். அவரை அனுப்பியது யார்? சர்வேசுரனா? நாமா?

"ஒழுங்காய் இருந்தவர்களுக்கும், ஊரைக் கெடுத்தவனுக்கும் ஒரே மரியாதையா? அப்படியானால் நாம் ஒழுங்காய் இருந்து என்ன பலன்?" என்று சிலர் கேட்பார்கள். இது புதிய கேள்வியல்ல. ஊதாரிப் பிள்ளையின் உவமையில் வரும் மூத்த மகன் கேட்ட கேள்வியே இது. வயலிலிருந்து வந்தவன், வீட்டில் பாட்டும் ஆட்டமும் கேட்டு, உள்ளே நுழைய மறுத்துவிட்டான். சேசுநாதர் அந்தக் கதையை எப்படி முடித்தார் என்று கவனித்தீர்களா? இளையவன் உள்ளே இருக்கிறான். மூத்தவன் வெளியே நிற்கிறான். தகப்பன் வெளியே வந்து அவனை மன்றாடுகிறார். அவன் உள்ளே போனானா, இல்லையா என்று நமதாண்டவர் சொல்லவில்லை. அந்த முடிவை நம் கையில் விட்டுவிட்டார்.

திருச்சபைக்கும் ஒரு காலத்தில் இந்தச் சோதனை வந்தது. 250-ம் ஆண்டில் ரோமைச் சக்கரவர்த்தி தேசியுஸ், எல்லாரும் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டுமென்று கட்டளையிட்டான். அநேகர் வேதசாட்சிகளாக மரித்தார்கள். அநேகர் பயந்து பலியிட்டார்கள். பலியிடாமலே, பலியிட்டதாகப் பணம் கொடுத்துச் சீட்டு வாங்கினவர்களும் உண்டு. கலாபனை ஓய்ந்ததும், விழுந்தவர்கள் கண்ணீரோடு கோயில் வாசலில் வந்து நின்றார்கள். ரோமையில் நோவாசியன் என்னும் குரு, இவர்களைத் திருச்சபை இனி ஏற்றுக்கொள்ளவே கூடாது என்றான். கொர்னேலியுஸ் பாப்பரசரும், கார்த்தேஜ் மேற்றிராணியாராகிய அர்ச். சிப்பிரியானும் அதை ஒப்பவில்லை. 251-ம் ஆண்டில் சிப்பிரியான் கூட்டிய சங்கம், விழுந்தவர்கள் தக்க தபசு செய்தபின் திரும்பலாம் என்று தீர்மானித்தது. இந்தச் சிப்பிரியான் வேதத்துக்காக உயிர் கொடுக்கத் தயங்கினவரா? இல்லை. 258-ல் தலை வெட்டுண்டு வேதசாட்சியானார். தாம் நின்றார், விழுந்தவனுக்குக் கையும் கொடுத்தார். நோவாசியனின் கட்சி பிரிந்துபோய்ப் பின்னர் மறைந்தது. கொர்னேலியுஸ், சிப்பிரியான் இருவரின் பெயர்களோ, ரோமைப் பூசை மந்திரத்தில் சேர்ந்தே இடம்பெற்றிருக்கின்றன.

1547-ல் திரெந்து பொதுச்சங்கமும் இதையே உறுதிப்படுத்தியது: ஞானஸ்நானத்துக்குப் பின் பாவத்தில் விழுந்தவன், பச்சாத்தாபம் என்னும் தேவதிரவிய அனுமானத்தால் மறுபடி எழுந்திருக்கக் கூடும்.

எழுந்திருக்கக் கூடும், சரி. எந்தப் பலத்தால்? இங்கேதான் தேவ இஷ்டப்பிரசாதத்தின் இரகசியம் இருக்கிறது. உழுதவனுக்கு மழை கூலியாகப் பெய்வதில்லை. எத்தனை சால் உழுதாலும், ஒரு துளியை வானத்திலிருந்து இறக்க நம்மால் ஆகாது. அதேபோல் இஷ்டப்பிரசாதம் இனாம், சம்பளம் அல்ல. மனந்திரும்ப வேண்டுமென்று பாவிக்கு வருகிற முதல் நினைவே சர்வேசுரன் கொடுத்த வரம் என்று 529-ல் ஒராஞ்சு சங்கம் போதித்தது. உழ வேண்டுமென்ற எண்ணத்தைத் தருகிறவரும் அவரே, மழையைத் தருகிறவரும் அவரே. நாம் செய்யக்கூடியது, நிலத்தை மூடி வைக்காமலிருப்பது.

கரிசல் மண்ணில் இன்னொரு பாடமும் உண்டு. கோடையில் பிளந்த அந்த வெடிப்பை நாம் பூமியின் புண் என்று நினைக்கிறோம். ஆனால் முதல் மழைத் தண்ணீர் அந்த வெடிப்பு வழியாகத்தான் வேகமாய் ஆழத்துக்கு இறங்குகிறது. ஈரம் பட்டதும் மண் ஊதி, வெடிப்பு தானாக மூடிக்கொள்கிறது. இறுகிய பாறையில் பெய்த மழையோ வழிந்தோடிவிடுகிறது. தன் வாழ்க்கை வெடித்துப்போனதென்று ஒப்புக்கொண்டு அழுகிறவன், தனக்கு ஒரு குறையுமில்லை என்று நிமிர்ந்து நிற்கிறவனைவிட இஷ்டப்பிரசாதத்துக்குக் கிட்ட இருக்கிறான்.

அர்ச். இராயப்பரையும் யூதாசையும் எண்ணிப் பாருங்கள். இருவரும் ஒரே இரவில் ஆண்டவருக்குத் துரோகம் செய்தார்கள். யூதாசும் வருந்தினான், வாங்கிய காசைக் கூடத் திருப்பி எறிந்தான். ஆனால் அவன் தன் பாவத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இராயப்பர் ஆண்டவரின் முகத்தைப் பார்த்தார், பார்த்து அழுதார். பிற்பாடு கடற்கரையில், மூன்று தடவை மறுதலித்தவரிடம் ஆண்டவர் மூன்று தடவை அன்பைக் கேட்டு, தமது ஆடுகளை அவரிடமே ஒப்படைத்தார்.

"சுவாமி, இதெல்லாம் வேதத்தில் நடந்தது. நம் வயிறெரியச் செய்தவனை நாம் மன்னிக்க முடியுமா?" என்று கேட்பீர்கள். நம் நாட்டில், நம் நாளில் நடந்ததைச் சொல்லுகிறேன். கேரளத்தில் புல்லுவழி என்னும் ஊரில் பிறந்த ராணி மரியா என்ற கன்னியாஸ்திரி, மத்தியப் பிரதேசத்தில் ஏழை ஆதிவாசிகளுக்காக உழைத்தார். வட்டிக்காரர்களின் பிடியிலிருந்து அவர்களை விடுவிக்கப் பாடுபட்டார். அதனால் பகை மூண்டது. 1995 பிப்ரவரி 25-ந் தேதி, ஓடும் பஸ்ஸில் வந்த கூலிக் கொலைகாரன் அவரைக் கத்தியால் குத்தினான். அவர் உடலில் ஐம்பதுக்கு மேற்பட்ட காயங்கள். கொலைகாரனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

2002-ல், அவரது உடன்பிறந்த தங்கையும் கன்னியாஸ்திரியுமான செல்மி பால், சிறைக்குப் போய் அந்த மனிதரைக் கண்டார். வடநாட்டுச் சகோதரிகள் தங்கள் சகோதரருக்குக் கட்டும் ராக்கிக் கயிற்றை அவர் கையில் கட்டி, அவரைத் தம் சகோதரராக ஏற்றுக்கொண்டார். அவர் விடுதலைக்காகக் குடும்பமே பரிந்து பேசியது. 2006-ல் அவர் விடுதலையானார். பிறகு கேரளம் சென்று, அவர் கொன்ற சகோதரியின் பெற்றோரிடம் மன்னிப்புக் கேட்டார். 2017 நவம்பர் 4-ந் தேதி, இந்தோரில் ராணி மரியா முத்திப்பேறு பெற்றவராகப் பிரசித்தப்படுத்தப்பட்டபோது, ஜனங்களோடு அவரும் அங்கே இருந்தார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்தக் குடும்பம், நடந்தது பாவமில்லை என்று சொல்லவில்லை. அந்த மனிதர் பதினோரு வருஷம் சிறையில் இருந்தார். நீதி தன் வேலையைச் செய்தது. ஆனால் நீதி அவரை அடைத்து வைக்கத்தான் முடிந்தது. புது மனிதனாக்க முடியவில்லை. அந்த வேலையை இஷ்டப்பிரசாதம் செய்தது. அதுவும் எப்படி? ஒரு பெண் கட்டிய கயிற்றின் மூலமாக! சர்வேசுரன் மன்னிக்கிறார் என்பதை ஒரு பாவி நம்ப வேண்டுமானால், பெரும்பாலும் ஒரு மனிதக் கை அதை அவனுக்குக் காட்ட வேண்டியிருக்கிறது.

அதற்காக, மன்னிப்பு என்றால் பணப்பையை உடனே கையில் கொடுப்பது என்று எண்ண வேண்டாம். சீட்டுப் பணத்தைத் தூக்கிக்கொண்டு போனவர் திரும்பி வந்தால், மனைவி அவரை மன்னிக்கலாம். வாரக் கூலியைத் தன் கையிலேயே வைத்துக்கொள்ளலாம். இதில் பாவம் ஒன்றுமில்லை. அடித்தவனிடம் போய் மறுபடி அடி வாங்கு என்று திருச்சபை எந்தப் பெண்ணுக்கும் சொல்லவில்லை. நம்பிக்கை ஒரே நாளில் விளைகிற பயிரல்ல. திரும்பி வந்தவருக்கும் கடமை உண்டு. சக்கேயு, தான் வஞ்சித்ததை நாலத்தனையாய்த் திருப்பித் தருவதாக வாக்குக் கொடுத்தான். உத்தம மனஸ்தாபத்துக்குக் கண்ணீர் மட்டும் போதாது. வாங்கியதைக் கொடுக்க வேண்டும், உடைத்ததைக் கட்ட வேண்டும். மறு விதைப்பு செய்த சம்சாரிக்குப் பழைய விதை திரும்பக் கிடைப்பதில்லை. முதலில் போட்ட உழைப்பும் போனது போனதுதான். அவருக்குக் கிடைப்பது இன்னொரு பருவம்.

"அப்படியானால் பாவசங்கீர்த்தனத்தை அடுத்த பாஸ்குவுக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்று நினைக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மறு விதைப்பு உண்டு என்பதால், எந்தச் சம்சாரியும் மாசியில் விதைப்பதில்லை. பருவம் தவறினால் விதையும் வீண், ஏரும் வீண். சர்வேசுரனுடைய இரக்கத்துக்குக் கணக்கில்லை. நம்முடைய நாட்களுக்குத்தான் கணக்கு உண்டு.

ஆகவே பங்கு மக்களே, இந்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வரும்போது ஒரு காரியம் செய்யுங்கள். கோயில் கதவோரமாக யாராவது தயங்கி நின்றால், திரும்பிப் பார்த்து முணுமுணுக்காதீர்கள். "வாங்க அண்ணாச்சி, இங்கே இடம் இருக்கிறது" என்று சொல்லி, கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள். அவர் வீட்டாருக்கு அவர் பட்ட கடன் இருக்கும். அதை அவர் அடைக்க வேண்டும். ஆனால் அந்தப் பலகையில் ஒரு முழ இடம் நமக்குச் சொந்தமானதல்ல. நாமும் இனாமாகப் பெற்ற இடம்தான் அது.

கதவோரம் நிற்பது நீங்களாகவே இருந்தால், பயப்படாமல் உள்ளே வாருங்கள். வெடித்துக் கிடக்கும் நிலத்தைத் தேடித்தான் மழை வருகிறது. பரலோக மாதா உங்களுக்காக வேண்டிக்கொள்வாளாக. ஆமென்.