இராஜநாயக்கனுக்குக் கிடைக்காத பீடம்



1919-ஆம் ஆண்டு ஜனவரி 14 அன்றுதான் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை என்ற பெயரில் நாம் ஒரு தன்னாட்சித் திருச்சபையாக அமைந்தோம். ஊரெல்லாம் தை பிறந்த சந்தோஷத்தில் இருக்கும் இந்த வேளையில், நாமும் அந்த நாளுக்காக நன்றி சொல்லக் கூடியிருக்கிறோம். நன்றி சொல்ல நமக்கு நிறையவே இருக்கிறது. ஆனால் இன்று வாசிக்கக் கேட்ட யாக்கோபு நிருபத்தின் இரண்டாம் அதிகாரம் நம்மை வெறும் வாழ்த்தோடு வீட்டுக்கு அனுப்புவதாக இல்லை. பகட்டாக வந்தவருக்கு முன்வரிசையும், கந்தையோடு வந்தவருக்குக் கால்மாட்டில் ஒரு மூலையும் ஒதுக்குகிற சபையை யாக்கோபு கண்டிக்கிறார். நம் சபைச் சரித்திரத்தைத் தெரிந்துகொண்டே அவர் எழுதினாரோ என்று எனக்குத் தோன்றுகிறது.

1706 ஜூலை 9-ஆம் தேதி சீகன்பால்கும் புளுட்ச்சாவும் தரங்கம்பாடியில் வந்து இறங்கியதை நம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக் அவர்களை அனுப்பினார். அச்சுக்கூடம் வந்தது, 1715-இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது, 1718-இல் புதிய எருசலேம் ஆலயம் எழுந்தது. 1733-இல் ஆரோன் குருப்பட்டம் பெற்றார். இந்தியரில் முதல் புரொட்டஸ்டண்ட் குரு அவர்தான். இதையெல்லாம் ஆண்டுதோறும் சொல்லி மகிழ்கிறோம், மகிழவும் வேண்டும். நாம் அவ்வளவாகச் சொல்லாத ஒருவரைப் பற்றித்தான் இன்று சற்று நின்று பேச விரும்புகிறேன்.

அவர் இராஜநாயக்கன் உபதேசியார். பறையர் சமூகத்தில் பிறந்தவர், கத்தோலிக்கக் குடும்பம், தஞ்சை அரசரின் படையில் சேவகம். தரங்கம்பாடியில் அச்சான சுவிசேஷப் புத்தகம் அவர் கைக்கு எட்டியது. படித்தார். படித்தது அவரை விடவில்லை. படைச் சேவகத்தை விட்டு உபதேசியாரானார். வெள்ளைக்கார மிஷனெரிகள் எளிதில் நுழைய முடியாதிருந்த தஞ்சை நாட்டுக்குள் சபைகளை நட்டு வளர்த்தவர் அவர். பிற்காலத்தில் பெரிய பெயர்கள் அங்கே வந்து அறுவடை செய்த நிலத்தை முதலில் உழுதவர்களில் ஒருவர்.

1741-இல் இன்னொருவருக்குக் குருப்பட்டம் கொடுக்க வேண்டியிருந்தது. உழைப்பைப் பார்த்தாலும் அனுபவத்தைப் பார்த்தாலும் இராஜநாயக்கன் பெயர்தான் முன்னால் நின்றது. கொடுக்கப்பட்டதோ தியோகு என்பவருக்கு. தியோகு நல்ல ஊழியர், அவர்மேல் குறையில்லை. இராஜநாயக்கன் கையால் நற்கருணை வாங்க மற்றச் சாதிக் கிறிஸ்தவர்கள் கூசுவார்கள் என்று மிஷனெரிகள் அஞ்சினார்கள். காரணம் அவ்வளவுதான். அவர் கடைசிவரை உபதேசியாராகவே உழைத்து, உபதேசியாராகவே கண்ணை மூடினார்.

அவர் நட்ட சபையில் அப்பத்தைப் பிட்டுக் கொடுக்க அவருக்கு உரிமையில்லை. சபையாரே, இதை நான் எத்தனை முறை நினைத்தாலும் நெஞ்சு ஆறவில்லை.

காவிரிக்கு அக்கரையில், நம் அண்டை வீட்டார் போற்றும் ஒரு கதை உண்டு. உறையூரில் பாணர் குலத்தில் வளர்ந்த திருப்பாணாழ்வார், ஸ்ரீரங்கத் தீவுக்குள் கால்வைக்கத் தயங்கித் தென்கரையில் நின்றே அரங்கனைப் பாடினார் என்றும், அவர்மேல் கல்லெறிந்த லோகசாரங்க முனிவரே பிறகு அவரைத் தம் தோளில் சுமந்துகொண்டு கோயிலுக்குள் போக வேண்டியதாயிற்று என்றும் ஸ்ரீரங்கத்தார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். அந்தக் கதை நாள்தோறும் சொல்லப்படுகிற கரைக்கு எதிர்க்கரையில் நாம் குடியிருக்கிறோம். அடிமையின் கோலம் எடுத்துச் சீடரின் காலைக் கழுவியவரைத் தொழுகிற நமக்கு, அன்று ஒரு மனிதரைப் பீடத்தண்டை அழைத்துவர மனம் வரவில்லை.

நம் திருச்சியின் கதையும் இதிலிருந்து விலகியதல்ல. 1762-இல் சுவார்ட்ஸ் ஐயர் இங்கே ஊழியம் தொடங்கினார். தெப்பக்குளத்தண்டை கோட்டைக்குள் 1766-இல் கிறிஸ்து ஆலயம் எழுந்தது. அவர் லுத்தரன் குரு. ஆனால் அவர் காலத்துக்குப் பிறகு திருச்சி, தஞ்சை ஊழியம் ஆங்கிலிக்கன் சங்கத்தின் கைக்குப் போயிற்று. 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை இருக்கக் கூடாது, எல்லாரும் கலந்து உட்கார வேண்டும், ஒரே பாத்திரத்தில் பருக வேண்டும் என்று கண்டிப்பாக எழுதினார். சென்னையிலும் தஞ்சையிலும் திருச்சியிலும் பலர் அதைப் பொறுக்காமல் விலகினார்கள். 1840-இல் கோர்டெஸ் ஐயர் வந்து தொடங்கிய, பின்னாளில் லைப்சிக் மிஷன் என்று பெயர்பெற்ற ஜெர்மன் லுத்தரன் மிஷன் அப்படி விலகியவர்களில் பலருக்கு நிழல் கொடுத்தது. சாதியைச் சமூக வழக்கம் என்று எண்ணி, மெல்ல மெல்லக் கரையும் என்று காத்திருந்தது அந்த மிஷன். ஓக்ஸ் என்ற மிஷனெரி இதைச் சகிக்காமல் பிரிந்துபோய் மேல்பட்டாம்பாக்கத்தில் தனியே ஊழியம் தொடங்கினார். இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் வேர் அதுதான்.

ஆகவே இந்தப் பட்டணத்தில் நாம் லுத்தரன்களாக இருப்பதற்கு லூத்தரின் உபதேசம் மட்டும் காரணமல்ல. அடுத்தவரோடு ஒரே பாயில் உட்கார மறுத்த முன்னோரும் ஒரு காரணம். இதை மறைத்துவிட்டு நாம் அமைப்பு நாள் கொண்டாட முடியாது.

பிறகு கர்த்தர் என்ன செய்தார் பாருங்கள். முதல் உலகப்போர் வந்தது. ஜெர்மன் மிஷனெரிகளை அரசாங்கம் அப்புறப்படுத்தியது. கையில் எண்ணிவிடக்கூடிய சுவீடன் மிஷனெரிகளும், நம் குருமாரும், உபதேசியார்களும், பள்ளி வாத்தியார்களும்தான் சபைகளைத் தாங்கினார்கள். மிஷனின் பிள்ளையாக இருந்தது தானே நிற்க வேண்டியதாயிற்று. அந்த நெருக்கடியில் பிறந்ததே 1919-இன் அமைப்பு. 1921-இல் சுவீடன்காரரான ஏர்ன்ஸ்ட் ஹாய்மன் முதல் பேராயரானார். தலைமையகம் திருச்சியில் இருந்தாலும் பட்டம் இன்றும் தரங்கம்பாடிப் பேராயர் என்பதே. முதல் இந்தியப் பேராயராக ராஜா பூஷணம் மாணிக்கம் 1956-இல் பட்டமேற்றார். சீகன்பால்கு கரையிறங்கி 250 ஆண்டுகள் கழித்து! அவ்வளவு காலம் ஏன் ஆயிற்று என்பதை நம் பிள்ளைகள் கேட்டால் நேர்மையாகப் பதில் சொல்ல நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பேராயர், சினாடு, ஆலோசனைச் சங்கம், சேகரக் கமிட்டி என்று பேசும்போது சிலருக்குச் சலிப்பு வருகிறது. இதெல்லாம் நிர்வாகம், ஆன்மிகத்துக்கு என்ன சம்பந்தம் என்று கேட்கிறார்கள். சம்பந்தம் உண்டு. 1741-இல் இராஜநாயக்கனுக்காகக் கையுயர்த்த ஒரு சினாடு இல்லை. அவர் ஊழியம் செய்த சபைகளிலிருந்து ஒரு பிரதிநிதியும் அந்தத் தீர்மானத்தில் பங்குபெறவில்லை. ஐரோப்பாவிலிருந்து வந்த சிலர், நல்ல மனதோடும் பயத்தோடும், அவருடைய வாழ்க்கையைத் தீர்மானித்தார்கள். குருமாரும் சபையார் தெரிந்தெடுத்த பிரதிநிதிகளும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து, ஆளுக்கொரு வாக்கு என்று முடிவெடுக்கிற முறை இன்று நம்மிடம் இருக்கிறது. கிராமத்துச் சேகரத்துக் கூலிக்காரரின் வாக்கும் திருச்சி வக்கீலின் வாக்கும் அங்கே ஒரே எடை. இதைப் பெற நாம் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்தோம்.

அந்த வாக்கைக் கொண்டு போய், இவர் நம்மவரா அவர்களவரா என்று கணக்குப் பார்த்துப் போட்டால், பழைய தனிப்பாயை நாமே மறுபடி விரிக்கிறோம். ஆலயத்துக்குள் பாய் போய் பெஞ்சு வந்துவிட்டது. கலியாணப் பேச்சிலும் கல்லறைத் தோட்டத்திலும் கமிட்டித் தேர்தலிலும் பாய் போய்விட்டதா என்று ஒவ்வொருவரும் தம் வீட்டில் கேட்டுப் பாருங்கள். என் வீட்டிலும் கேட்கிறேன்.

முடியாதது எதையும் நான் கேட்கவில்லை. டாக்டர் ஜோசப் ஞானாதிக்கம் 1934-இல் இந்த ஊரில் தொடங்கிய கண் மருத்துவமனை, நம் திருச்சபையின் பேரில்தான் நடக்கிறது. ஒரு காலை வேளையில் அங்கே போய் நில்லுங்கள். கண்ணில் மருந்து விட்டுக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்து, நீள பெஞ்சில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருப்பார்கள். லால்குடி விவசாயியும் ஸ்ரீரங்கத்துப் பாட்டியும் பாலக்கரை வியாபாரியும் சீட்டின் எண்ணைக் கூப்பிடும்போது எழுந்து போவார்கள். அங்கே நாம் கடைப்பிடிக்கிற ஒழுங்கை இங்கே கடைப்பிடிக்க நம்மால் ஏன் முடியாது?

ஆராதனை முடிந்ததும் சேகரக் கூட்டம் இருக்கிறது. சினாடுக்குப் பிரதிநிதிகளைத் தெரிந்தெடுக்கிறோம். யாரும் நழுவி வீட்டுக்குப் போய்விட வேண்டாம். பெயர்களை முன்மொழிகிறவர்கள், இதுவரை இந்தச் சபையிலிருந்து ஒரு முறையும் சினாடுக்குப் போகாத குடும்பங்களை முதலில் நினையுங்கள். இப்போது எழுந்து நின்று விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லுவோம். ஆமென்.