வயிறு சுருங்கிய பின்

உண்பதில் அளவு வேண்டும் என்று கூறாத அறநூலை நாம் கண்டதில்லை. திருக்குறளில் ‘மருந்து’ எனப் பெயரிட்ட அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பத்துக் குறட்பாக்களுள் ஆறு, மூலிகையையோ சூரணத்தையோ பேசாமல் உண்ணும் முறையையும் அளவையுமே பேசுகின்றன. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘இஹ்யா உலூமித்தீன்’ என்னும் பெருநூலின் 23ஆம் பகுதியை வயிற்று வேட்கை, உடல் வேட்கை ஆகிய இரண்டையும் ஒடுக்கும் வழிக்கென்றே ஒதுக்கினார்கள். வயிற்றை உணவுக்கும் நீருக்கும் மூச்சுக்குமாக மூன்று பங்கிடும் நபிமொழியை மதரஸாவின் கடைசி வரிசைப் பிள்ளையும் அறிவான்.

இந்நூல்கள் யாவும் மனிதனின் மனத்தை நோக்கியே பேசின. மனம் அடங்கினால் வயிறு அடங்கும் என்பது அவற்றின் முறை. மனம் அடங்குவதற்கு முன்னரே வயிறு அறுபட்டுச் சிறுத்துவிட்டால்? முன்னோர் எண்ணியும் பார்த்திராத அந்நிலை இன்று நம் கிராமங்களுக்குள்ளும் வந்துவிட்டது. ஆகவே கேட்கிறோம்: கத்தியால் வந்த அளவு, அறம் என்று சொல்லத்தக்கதா?

இவ்வினா நமக்கு ஏட்டிலிருந்து பிறந்ததன்று. நம்மிடம் இளமையில் ஓதிய மாணவர் ஒருவர் பாகூர்ப் பக்கம் அரிசி வாணிபம் செய்கிறார். நாற்பது வயதை எட்டுமுன் அவர் எடை 130 கிலோவைக் கடந்தது. சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், உறக்கத்தில் மூச்சடைப்பு என ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஸுஜூது செய்யக் குனிய இயலாமல் நாற்காலியில் அமர்ந்து தொழலானார். இறுதியில் மருத்துவர் சொற்படி இரைப்பையைச் சிறிதாக்கும் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார்.

நான்கு மாதம் சென்றபின், வில்லியனூரை அடுத்த சுல்தான்பேட்டையில் ஒரு திருமண விருந்து. அவர் நமக்கு அருகில் அமர்ந்தார். பிரியாணியில் ஒரு துண்டு இறைச்சியை மட்டும் எடுத்து மெல்ல மென்றுகொண்டிருந்தார். அழைத்தவர் மனம் நோகுமே என்று எண்ணிய நாம், “சாப்பிடு தம்பி! இன்னும் நாலு கவளம் உன்னை என்ன செய்துவிடும்?” என்று நம் கையாலேயே அள்ளி வைத்தோம். ஆசிரியர் வைத்ததை மறுக்க அவர் நா எழவில்லை, உண்டார். சற்று நேரத்தில் எழுந்து பந்தலுக்குப் பின்னே சென்றார். நாம் போய்ப் பார்த்தபோது, சுவரைப் பற்றிக்கொண்டு, வியர்வை வழிய, உண்டதையெல்லாம் வெளியே எடுத்துக்கொண்டிருந்தார். “ஹஜ்ரத், வயிற்றில் இடமில்லை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டேன் என்கிறார்கள்” என்றார்.

அளவாக உண்பது பற்றி முப்பது ஆண்டுகள் பாடம் நடத்திய நாம், அளவாக உண்ணும் ஒருவர் பக்கத்தில் அமர்ந்திருந்தபோது அவரைக் கெடுத்தோம். அந்த வெட்கமே இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று. பின்னர் அவரிடமும் மருத்துவரிடமும் கேட்டு அறிந்தவற்றைச் சொல்கிறோம்.

இச்சிகிச்சையின் ஒரு வகையை அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தைச் சார்ந்த எட்வர்டு மேசன் 1966இல் தொடங்கிவைத்தார். இரைப்பையின் மேற்பகுதியில் ஏறத்தாழ 30 மில்லி மட்டுமே கொள்ளும் சிறு பையை ஒதுக்கி, அதனைச் சிறுகுடலோடு நேரே இணைப்பது அம்முறை. இன்று பரவலாகச் செய்யப்படும் மற்றொரு முறையில், இரைப்பையை நீளவாட்டில் அறுத்து 100க்கு 75 முதல் 80 பங்கு வரை நீக்கிவிடுகின்றனர். எஞ்சுவது வாழைப்பழம் போன்றதொரு குழல். பசியை எழுப்பும் கிரெலின் என்னும் சுரப்பு பெரும்பாலும் நீக்கப்பட்ட பகுதியில்தான் ஊறுவது. ஆகவே பசியும் தணிகிறது.

“வாயைக் கட்ட மாட்டாதவன் வயிற்றை அறுத்துக்கொண்டான்” என்று ஊரார் ஏளனம் செய்கின்றனர். இவ்வேளனம் நியாயமன்று. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, புதுச்சேரியில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100க்கு 46 பேரும் ஆண்களில் 43 பேரும் மிகை எடை உடையவர்கள். இத்தனை பேரும் ஒரே தலைமுறையில் பெருந்தீனிக்காரராகி விட்டனரா? நாற்று நட்ட கைகளின் வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டது. நடந்த கால்கள் வண்டியேறின. தவிடு நீங்கிய அரிசியும் எண்ணெய்ப் பண்டமும் சர்க்கரைத் தேநீரும் வேளைதோறும் வந்தன. பரம்பரையும் சுரப்புகளும் தம் பங்கைச் செய்கின்றன. இழந்த எடையை மீட்கவே உடல் முயல்கிறது. நோயாகிவிட்ட ஒன்றுக்குச் சிகிச்சை தேடுவதைக் கோழைத்தனம் என்பது அறியாமை. அதுவும் எளிய வழியன்று. 2024இல் புதுவையைச் சார்ந்த இளைஞர் ஒருவர் சென்னையில் இச்சிகிச்சையின்போது உயிரிழந்த செய்தியை நாம் மறக்கவில்லை.

இனி நம் வினாவுக்கு வருவோம். வயிறு சிறுத்ததும் நஃப்ஸும் சிறுத்துவிடுகிறதா? இல்லை என்பதே அனுபவம் கண்டவர் கூற்று. சிறுத்த இரைப்பை ஒரு தட்டுச் சோற்றைத் தடுக்கும், பாயசத்தைத் தடுக்காது. சர்பத்தும் ஐஸ்கிரீமும் வழுக்கிக்கொண்டு இறங்கும். நாள் முழுதும் சிறுகச் சிறுகக் கொறிப்பவனை எந்தக் கத்தியாலும் நிறுத்த இயலாது. ஆண்டுகள் சில கழிந்தால் பசியும் ஓரளவு திரும்புகிறது. பழைய வழக்கத்துக்குத் திரும்பியவர்க்கு எடையும் திரும்புகிறது.

பாகூர் ஏரிப் பாசனத்தைக் கண்டவர்க்கு இது புதிதன்று. மதகின் வாயைச் சிறிதாக்கலாம். வரும் நீரை எந்த வயலுக்குப் பாய்ச்சுவது, எதற்கு நிறுத்துவது என்பதை மதகு அறியாது. அதனை மண்வெட்டியோடு வரப்பில் நிற்பவன்தான் அறியவேண்டும். கத்தி தந்தது சிறிய மதகு. பசி தணிந்திருக்கும் முதல் ஓரிரண்டு ஆண்டுகள் நல்வழக்கம் பழகுதற்குக் கிடைத்த தவணை. அதனை அமானிதமாகக் காப்பதா, வீணாக்குவதா என்பது இன்னமும் மனிதனின் தேர்வு. எனவே, கத்தியால் வந்தது வெறும் சிறுமைதான்; அதனை அளவாக்குவது அவன் அன்றாடம் செய்யும் முயற்சி. அம்முயற்சிக்கு அறம் என்ற பெயர் முற்றிலும் பொருந்தும்.

அம்முயற்சி யாது? முதலில் தெளிந்த நீராகாரம், பின்னர் பால், மோர் போன்றவை, அதன்பின் மசித்த உணவு, அதன்பின் குழைந்த உணவு என ஆறு முதல் எட்டு வாரங்களில் படிப்படியாக வழக்கமான உணவுக்கு வரவேண்டும். அப்பாலும் தட்டில் முதலிடம் புரதத்துக்கே. முட்டை, மீன், கோழி, பயறு, தயிர் ஆகியவற்றால் நாளொன்றுக்கு 60 கிராமுக்குக் குறையாமல் புரதம் சேரவேண்டும். அதன்பின் காய்கறி, எஞ்சிய இடத்தில் சோறு. புதுவையின் நெற்களஞ்சியம் எனப் பெயர்பெற்ற பாகூரில் பிறந்தவர்க்குச் சோற்றைக் கடைசியில் வைப்பது எத்துணைக் கடினம்! கவளத்தைக் கூழாகும்வரை மெல்லவேண்டும். உணவோடு நீர் அருந்தலாகாது. உண்டு அரைமணி நேரம் சென்றபின் மிடறு மிடறாக அருந்தி, நாள் முழுதுமாக ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் சேர்க்கவேண்டும். குடலோடு இணைக்கும் முறையில் சிகிச்சை பெற்றவர் இனிப்பை மிகுத்தால் நெஞ்சு படபடத்து, தலை சுழன்று, வயிற்றுப்போக்கும் வரும். மது அவர் குருதியில் விரைந்து ஏறும். மார்க்கம் விலக்கியதை மருத்துவமும் இங்கே விலக்குகிறது.

இவ்விடத்தில் ஒன்றைக் கூர்ந்து நோக்கவேண்டும். முன்பு மிகுதிக்கு அஞ்சியவர் இப்போது குறைவுக்கும் அஞ்சவேண்டும். இரும்பு, சுண்ணாம்புச் சத்து, பி-12, டி ஆகிய உயிர்ச்சத்துகள் சிறிய வயிற்றின் வழியே போதிய அளவு உடலில் சேர்வதில்லை. மருத்துவர் எழுதிய மாத்திரைகளை வாழ்நாள் முழுதும் உட்கொள்ளவேண்டும். ஆண்டுதோறும் குருதியைச் சோதிக்கவேண்டும். வாந்தி நாட்கணக்கில் நிற்காவிடின் தயமின் என்னும் உயிர்ச்சத்து வற்றி மூளையையே தாக்கக்கூடும். உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். பெண்கள் 12 முதல் 18 மாதம் வரை கருத்தரிப்பதைத் தள்ளிவைக்கவேண்டும். “மெலிந்துவிட்டேன், இனி மாத்திரை எதற்கு?” என்பவரும், மேலும் மெலியவேண்டுமென்று பட்டினி கிடப்பவரும் வரம்பை மீறியவர்களே. இஸ்ராஃப் என்பது மிகுதியால் வரும் வரம்பு மீறல். குறைவாலும் வரம்பு மீறப்படும் என்பதை இவர்கள் நிலை காட்டுகிறது.

ரமளானில் நம் மாணவர் நோன்பு நோற்க இயலாமல் நாணினார். நீரை மிடறு மிடறாகவே அருந்த இயன்றவர் பகல் முழுதும் தாகித்திருந்தால், இழந்த நீரை இரவில் ஈடுசெய்வது அரிது. ஆகவே முதல் ஆண்டில் நோற்கவேண்டாம் என மருத்துவர் தடுத்திருந்தார். நோயாளிக்கு அருளப்பட்ட ருக்ஸத்தும் இறைவன் அருளியதே. அதனை ஏற்பதில் நாணம் என்ன என்றோம். உடல் தேறி மருத்துவர் இசைந்தபின் அவர் நோற்கலாம்; நோன்புக் கஞ்சியைக் கரண்டி கரண்டியாக அருந்தலாம்.

எஞ்சியிருப்பது நம் கடமை. நம் ஊர்களில் விருந்தோம்பல் என்பது வற்புறுத்தலாகிவிட்டது. மறுப்பவர் கையைப் பிடித்து ஊட்டுவதை அன்பு என்கிறோம். சர்க்கரை நோயாளிக்கு இனிப்பையும், வயிறு சிறுத்தவர்க்கு இரண்டாம் முறைச் சோற்றையும் அன்பின் பெயராலேயே திணிக்கிறோம். தனி மனிதர் ஒருவர் எத்துணை உறுதியோடு அளவைக் காத்தாலும், சுற்றியிருப்போர் நாள்தோறும் அதனைக் குலைத்தால் அவர் எதுவரை தாங்குவார்? விருந்தினரின் வயிற்றை அளக்கும் உரிமை விருந்தளிப்பவர்க்கு இல்லை. “போதும்” என்ற சொல்லை முதல் முறையிலேயே நம்புவதும் விருந்தோம்பலே.

அண்மையில் அவர் நம் இல்லம் வந்திருந்தார். சிறு தட்டில் ஒரு துண்டு மீனும், ஒரு கரண்டிப் பயறும், கையளவுக்கும் குறைந்த சோறும் வைத்தோம். மெல்ல உண்டார், பாதிச் சோற்றை மிச்சம் வைத்தார். நாம் ஒன்றும் சொல்லவில்லை. பேசிக்கொண்டிருந்து, அரைமணி கழிந்ததும் நீர்க் குவளையை அவர்பால் நகர்த்தினோம். அவர் முகம் மலர்ந்தது. பள்ளிவாசலில் பாங்கொலி எழ, இருவரும் சென்றோம். நாற்காலியைத் தேடாமல் வரிசையில் நின்று, நெற்றி நிலத்தில் பட அவர் ஸுஜூது செய்ததைக் கண்டோம்.

உண்பவர்க்கு அளவறியும் உறுதியையும், உண்பிப்பவர்க்கு அவ்வளவை மதிக்கும் பண்பையும் வல்ல நாயன் அருள்வானாக! ஆமீன்.