உரோமர் பேரரசு உணர்த்தும் அறம்

தோற்றமுடையன யாவும் ஒடுக்கமுடையன என்பது நம் சித்தாந்த நூல்கள் தெளிவுறுத்தும் உண்மை. ஆயினும், "எல்லாம் அழியும், ஆதலின் உரோமர் பேரரசும் அழிந்தது" என்று மாணாக்கருக்குக் கூறி அமைதல் ஆசிரியர்க்குத் தகாது. ஓரரசு பல நூற்றாண்டு நிற்க, மற்றோரரசு ஒரு தலைமுறையில் வீழ்வது என்னை? இவ்வினாவை ஆராயுமிடத்தே சரித்திரம் அறநூலாகின்றது.

நாம் மிஷன் பாடசாலையிற் கற்ற காலத்தில், உரோமர் விக்கிரக வணக்கத்தாற் கெட்டனர் என்று கேட்டோம். பின்னர்ச் சைவ நண்பர் சிலர், உரோமர் முன்னோர் தெய்வங்களைக் கைவிட்டுக் கிறிஸ்து மதம் புகுந்தமையாற் கெட்டனர் என்று கூறக் கேட்டோம். கி. பி. 410இல் உரோமாபுரி கொள்ளையிடப்பட்டபோது அந்நாட்டவரிற் பலரும் இங்ஙனமே கூறினர்; அதனை மறுத்தற்பொருட்டே அகஸ்தீன் என்பார் 'கடவுளின் நகரம்' என்னும் பெருநூலை எழுதினார். இவ்விரு கூற்றும் பொருந்தா. பல தெய்வங்களை வணங்கிய காலத்திலேயே உரோமர் உச்சநிலை எய்தினராதலின் முன்னையது வழுவாம். கிறிஸ்து மதத்தையே தழுவிய கீழைப் பாகம் 1453 வரையும் நிலைத்தமையின் பின்னையதும் வழுவாம். நம் சமயத்துக்கு அனுகூலம்போலத் தோன்றுகின்றது என்பதற்காகப் பொய்வழக்கைக் கைக்கொள்ளுதல் சைவர்க்கு அழகன்று.

உரோமர் எழுந்தது வாள்வலியால் என்பது மெய். நிலைத்தது வாள்வலி ஒன்றினாலன்று. தாம் வென்ற இத்தாலிய நகரங்கள் பலவற்றைத் திறை வாங்காது துணைநகரங்களாக்கினர். சிலவற்றுக்குத் தங்குடியுரிமையையே அளித்தனர். அதன் பயன் கி. மு. 216இல் விளங்கிற்று. கானே என்னும் களத்திலே ஹன்னிபால் ஒரே நாளில் உரோமர் சேனையில் ஏறக்குறைய 50,000 பேரைக் கொன்றான். கப்புவா முதலிய தென்பாகத்து நகரங்கள் அவன் பக்கஞ் சேர்ந்தன. இலத்தீன் நகரங்களோ உரோமரை விட்டு நீங்கவில்லை. அவன் கி. மு. 203இல் இத்தாலியை விட்டகன்றான். கி. பி. 48இல், கல்லியா நாட்டுத் தலைவரை உரோமர் மூதவையிற் சேர்க்கலாமோ என்னும் வழக்கு எழுந்தது. அப்போது கிளாடியஸ் சக்கரவர்த்தி, ஸ்பார்த்தாவும் ஏதென்சும் தாம் வென்ற மக்களை அயலாரென்று விலக்கினமையாலேயே கெட்டன என்று எடுத்துக்காட்டியதாகத் தாசித்தஸ் என்னும் சரித்திராசிரியர் எழுதியுள்ளார்.

பின்வந்தோர் இந்நெறியைப் பெயரளவில் வைத்துப் பொருளளவில் அழித்தனர். 212இல் கரகல்லா அடிமைகளல்லாத குடிகள் ஏறக்குறைய யாவருக்கும் குடியுரிமை வழங்கினான். ஆயினும் நியாயஸ்தலங்களிலே ஒரே குற்றத்துக்கு உயர்ந்தோர்க்கு இலகுவான தண்டமும் எளியோர்க்குக் கசையடியும் வழங்கின. 332இல் கொன்ஸ்தந்தீன், நிலத்தை விட்டோடக் கருதும் குடியானவரை விலங்கிடலாம் என விதித்தான். 376இல் ஹூணருக்கு அஞ்சி அடைக்கலம் புகுந்த கோதர் பசியால் வாடியபோது, உரோம அதிகாரிகள் நாய்களை உணவாகக் கொடுத்து, அவற்றின் விலையாக மனிதரை அடிமை கொண்டனர். இரண்டாண்டின் பின் அக்கோதரே அட்ரியானோப்பிளில் வாலன்ஸ் சக்கரவர்த்தியைப் படையோடு மாய்த்தனர். 408இல், உரோமர் சேனையிற் பணிசெய்த அயற்குல வீரரின் மனைவியரும் மக்களும் இத்தாலிய நகரங்களிற் கொலையுண்டனர். அவ்வீரர் கோதர் தலைவனாகிய அலாரிக்கைச் சேர்ந்தனர். நகரத்து அடிமைகளும் ஓடி அவனோடு கூடினர். ஆதலின் 410இல் நகரைக் கொள்ளையிட்ட படை, ஒருவாற்றான், உரோமர் தாமே திரட்டிக் கொடுத்த படையாம். 476இல் மேலைப் பாகத்தின் கடைசிச் சக்கரவர்த்தி நீக்கப்பட்டான்.

ஈண்டு ஓராசங்கை. கி. மு. 146இல் கார்த்தேஜை எரித்து, எஞ்சிய மக்களை அடிமைகளாக விற்றவர் அதன்பின்னும் அறுநூறாண்டு வாழ்ந்தனரே எனின், கூறுதும். உரோமர் அறவோர் என்பது நம் கருத்தன்று. எவ்வளவுக்குப் பிறரைத் தம்மவராக்கினரோ, அவ்வளவுக்கே அவரைத் தாங்குவார் உளராயினர். கொள்ளைநோயும் உள்நாட்டுப் போரும் ஹூணர் வரவும் வீழ்ச்சிக்குக் காரணங்களே; கீழைப் பாகத்தைச் செல்வமும் அரணுங் காத்தமையும் மெய்யே. புயல் எல்லா மரங்கள்மேலும் வீசும். வேரற்ற மரம் முன்னே வீழும். ஆயினும் கார்த்தேஜின் குழந்தைகள் பட்ட துயருக்கு இவ்விடை ஈடாகாது. அதற்கு ஈடுசெய்யச் சரித்திரம் வல்லதன்று. அஃது இறைவன் திருவருளுக்கே உரியது.

ஆசிரியர்களே, நம் நாட்டிலே, ஒரு வகுப்பிற் சில பிள்ளைகள் வாங்கில் இருக்க, சில பிள்ளைகள் நிலத்தில் இருந்த காலமும் இருந்தது. திருக்கோயில் வாயிலிலும் அவ்வேற்றுமை நின்றது. அங்ஙனம் விலக்குண்டோரிற் பலர் நம்மை விட்டு நீங்கியபோது, பிறமதத்தாரை நொந்தோம். நம்மவரை நாமே அயலாராக்கியதை நினைந்திலோம். பேரரசுக்கு உரிய நீதி சிறு சமூகத்துக்கும் உரியதே. உரோமர் சரித்திரத்தைக் கற்பிக்கத் தொடங்குமுன், நம் வகுப்பின் கடைசி வாங்கை ஒருமுறை நோக்குவோமாக.