எது பழைய ஜீப்?

மோகனூர்ப் பக்கம் பழைய வில்லிஸ் ஜீப் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. பச்சை வர்ணம் பூசிப் புதுப்பித்து, ‘அசல் பழைய வண்டி’ என்று நல்ல விலை சொல்கிறார்கள். வாங்க நினைத்த நண்பர் என்னிடம் கேட்டார்: “தகடு புதிது, இருக்கை புதிது, இன்ஜினில் பாதி புதிது. இதில் எது ஐயா பழையது?”

வேடிக்கையாகத் தோன்றினாலும் இது மிகப் பழைய கேள்வி. தீசியஸ் என்ற வீரனின் கப்பலை ஏதென்ஸ் நகரத்தார் பலகை பலகையாக மாற்றிக் காத்து வந்தார்களாம். பிறகும் அது அதே கப்பல்தானா என்று அறிஞர்கள் வாதாடியதைப் புளூட்டார்க் எழுதியிருக்கிறார்.

கிரேக்கம் வரை போவானேன்? மோகனூரில் காவிரிக் கரையிலேயே அசலதீபேசுவரர் கோயில் கொண்டிருக்கிறார். அசலதீபம் என்றால் அசையாத விளக்கு. விளக்கில் எண்ணெய் மாறுகிறது, திரி மாறுகிறது, ஆயினும் அதே விளக்கு என்கிறோம். காவிரியில் ஓடுவது நேற்றைய தண்ணீர் அல்ல; ஆயினும் அதே காவிரிதான்.

ஜீப்பின் பிறவியே அப்படி. இரண்டாம் உலகப் போரில் ஆறு லட்சத்துக்கும் மேல் ஒரே அச்சில் வார்த்தது போல் செய்தார்கள். ஒன்றின் உறுப்பு மற்றொன்றுக்குப் பொருந்தும். நம் நாட்டில் அதைப் பூட்டி விற்ற நிறுவனம்கூட 1945இல் ‘மஹிந்திரா அண்டு முகம்மது’ என்று தொடங்கி, 1948இல் ‘மஹிந்திரா அண்டு மஹிந்திரா’ ஆயிற்று.

நாமக்கல் வட்டாரத்தாருக்கு இது புதிதல்ல. வெறும் சேஸிஸாக வரும் லாரிக்குப் பாடி கட்டுவது அவர்கள் தொழில். பாடி மாறலாம், சேஸிஸில் பொறித்த எண் மாறக் கூடாது. ஆர்.சி.யிலும் அந்த எண்ணைத்தான் பதிகிறார்கள்.

ஆனால், சட்டம் எண்ணோடு நின்றுவிடுகிறது. அறம் அங்கே நிற்பதில்லை. உறுப்புகளை மாற்றியது குற்றமா? இல்லை, மாற்றாவிட்டால் வண்டி துருப்பிடித்து மண்ணோடு மண்ணாகியிருக்கும். மாற்றியதை மறைப்பதுதான் குற்றம். பழைய வண்டியை வாங்குகிறவர் இரும்புக்கு மட்டும் விலை கொடுப்பதில்லை. அதன் கதைக்கும் சேர்த்தே கொடுக்கிறார். கதையில் பொய் கலந்தால், எடையில் குறைத்த வியாபாரிக்கும் விற்றவருக்கும் என்ன வேற்றுமை?

ஆகவே நண்பரிடம் சொன்னேன்: “எதெது புதிது என்று எழுதிக் கேளுங்கள். தயங்காமல் எழுதித் தந்தால் தாராளமாக வாங்குங்கள்.”

மனிதர் கதையும் இதுதான். முப்பது வயதில் இருந்த தலைமயிரும் பற்களும் பலமும் அறுபதில் இருப்பதில்லை. கொள்கைகூட மாறலாம். அதற்காக, “அன்று கடன் வாங்கியவன் வேறு ஆள்” என்று யாரும் சொல்ல முடியாது. எவ்வளவு மாறினாலும், பட்ட கடனையும் கொடுத்த வாக்கையும் தன்னுடையவை என்று ஒப்புக்கொள்கிறவரையில்தான் ஒருவன் அதே மனிதன்.