இரவல் குரல்

செம்பரம்பாக்கத்தைத் தாண்டிப் போகும் கம்பெனி பஸ்களில், ஷிப்டு முடிந்தவர்கள் ஜன்னலில் தலைசாய்த்துத் தூங்குகிறார்கள். இவர்களில் ஒருவனாகி 'நான்' என்று எழுத எனக்கு என்ன உரிமை?

அகப்பாடலில் ஆண்புலவன் தலைவியாகப் பேசினான். அவளுக்குப் பெயரில்லை, ஆகவே வழக்கும் இல்லை. பஸ்ஸில் தூங்குகிறவனுக்குப் பெயர் உண்டு.

புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 'நெப்ராஸ்கா' இசைத்தட்டு (1982) வீட்டில் கேஸட்டில் பதிந்தது. தனிக்குரல், கிதார், மவுத்ஆர்கன். குழுவோடு பாடிப் பார்த்தும் சரிவராமல் அந்தக் கேஸட்டையே வெளியிட்டார். அதில் 'ஜானி 99' என்றொரு பாட்டு. நியூஜெர்ஸி மாவாவில் கார் ஆலை மூடப்பட, வேலையிழந்தவன் குடித்துவிட்டு ஒரு சிப்பந்தியைச் சுடுகிறான். மாவாவின் ஃபோர்டு ஆலை 1980இல் மூடப்பட்டது நிஜம். நீதிமன்றத்தில் அவன் கடனைச் சொல்கிறான், வீடு பறிபோவதைச் சொல்கிறான். அதனால் தன்னை நிரபராதி என்று மட்டும் சொல்லிக்கொள்வதில்லை.

இங்கே மறைமலைநகரில் அதே ஃபோர்டு 2022இல் கார் உற்பத்தியை நிறுத்தியது. நம் கவிதைகளிலோ வேலையிழந்தவன் எப்போதும் நிரபராதி. அவனுக்கு இரக்கத்தைத் தருகிறோம். தவறு செய்யவும் கூடிய முழுமனிதன் என்ற அந்தஸ்தைப் பறித்துக்கொள்கிறோம். இரவல் குரலில் அவனுக்காக வாதாடாமல் இருப்பதே அந்தக் கடனைத் தீர்க்கும் வழி. அப்படி ஒரு வரியை நான் இன்னும் எழுதவில்லை.